ஒரு மூக்குக்கு ஒரு கடல்

காய்ச்சல் விட்ட பிறகுதான்
சீக்கு தொடங்கியது.
நான்காம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டதென்று
தலைக்கு ஊற்றாமல் முகம் மட்டும் கழுவி
கருவாடு எடுக்கப் போனேன்.

மண்டபத்தில் ரோட்டைக் கடந்தால் தென்கடல்,
கடக்காவிட்டால் வடகடல்.
கச்சான் அடித்தால் தெற்கு குமுறும், வடக்கு தூங்கும்.
வாடை இறங்கினால் இரண்டும் புரண்டு படுக்கும்.
அதைப் பார்த்து வள்ளங்கள் இடம் மாறும்.
என் மூக்கும் அந்த வாரம் அப்படி.
வலப்பக்கம் சரிந்தால் வலது அடைக்கும்,
இடது கொஞ்சம் வழி விடும்.
திரும்பினால் அது அடைக்கும், இது விடும்.
ராத்திரி முழுக்க
இல்லாத வள்ளம் ஒன்றை
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
தனியாளாய் இழுத்துக்கொண்டிருந்தேன்.

தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடந்ததால்
வீட்டுக்காரர் அடுப்படியில் இருந்தார்.
நண்டை ஓட்டோடு நச்சி
மிளகும் பூண்டும் அள்ளிப் போட்டு
கல்யாணமாகி முதல் தடவை
எனக்கு ரசம் வைத்தார்.
எப்படி இருக்கு என்றார்.
சூடா இருக்கு என்றேன்.
அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.
அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து
காரமாவும் இருக்கு என்று சேர்த்துக்கொண்டேன்.

பதினெட்டு வருஷமாய்
தராசை நம்பாதவர்களும் என் மூக்கை நம்புவார்கள்.
உப்பு குறைந்ததா,
காயும்போது ஒரு தூறல் பட்டதா,
சாக்கின் அடியில் பழைய சரக்கு கலந்ததா,
கட்டு அவிழ்க்குமுன் சொல்லிவிடுவேன்.
ஜெசிந்தா மோந்து கீழே வைத்தால்
அதோடு விலைப்பேச்சு முடிந்தது.

அன்றைக்கு நாலு சாக்கு நெத்திலி.
நம்புச்செல்வம் கட்டைப் பிரித்துவிட்டு நின்றான்.
ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோனேன்.
ஒன்றுமில்லை.
கண்ணாடியை மோந்ததுபோல.
நேற்றை மோந்ததுபோல.
மூக்கடைப்பு, நாளைக்கு வர்றேன்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
கண்ணை மூடி, எப்போதும்போல மூன்று வரை எண்ணி
"நல்ல சரக்கு" என்றேன்.
நம்புச்செல்வம் என்னை
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தான்.
மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நொச்சி இலை, கொதிதண்ணீர்,
போர்வைக்குள் நானும் என் கண்ணீரும்.
ஆஸ்பத்திரி சிஸ்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை,
தைலம், உப்புத்தண்ணீர்.
கடலை வாசலில் வைத்துக்கொண்டு
தம்ளரில் உப்பு கரைத்துக் கொப்பளித்தேன்.

எட்டாம் நாள் விடியலில்
பாம்பன் பக்கம் ரயில் ஊதியபோது
காதுக்குள் ஒரு குமிழி உடைந்தது.
இடது மூக்கில்
வலைக்கண் அளவு வழி.
அதில் முதலில் வந்தது கடலில்லை,
காப்பியில்லை,
படுத்திருந்தவரின் வேர்வைகூட இல்லை.
கொல்லைக் கூரைக்கடியில்
நாலு சாக்கு நெத்திலி புழுத்துக் கிடக்கும் நாற்றம்.
மூளை வரைக்கும் ஏறியது.
இன்னொரு மூச்சு இழுத்தேன்.
இன்னொன்று.
பூக்கடையில் நிற்பவளைப்போல
நின்று நின்று இழுத்தேன்.

அவரை உலுக்கினேன். ஏங்க, நாறுது!
"நாலு நாளா நாறுது," என்றார் கண் திறக்காமல்.
"நீ நல்ல சரக்குன்னுட்ட.
நான் என்னத்தப் பேச?"

சிரித்தேன். சிரிப்பு இருமலாகி
இருமல் விலாவைப் பிடித்து
உட்கார வைத்தது.
ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.
கோழித்தீவனக்காரன் வந்து
மூக்கைப் பொத்திக்கொண்டு
ஆயிரத்து நூறு தந்தான்.
அவனுக்கு மூக்கு இருக்கிறது,
பொத்துகிறான் என்று நினைத்தேன்.

மத்தியானம் மறுபடி நண்டு ரசம்.
தட்டை மூடித் திறந்ததும் தெரிந்தது,
மிளகு கருகியிருந்தது.
எட்டு நாளும் கருகித்தான் இருந்திருக்கும்.
எப்படி இருக்கு என்றார்.

சூடா இருக்கு என்றேன்.
இன்னொரு தம்ளர் ஊத்துங்க.